மூளையில் இரத்தக் கசிவு: அறிதலும் சிகிச்சையும் தடுப்பும்

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், உப்பங்கழியின் கரையில் அமைந்துள்ள மட்டாஞ்சேரி, மிளகு, சுக்கு, ஏலம் முதலிய சரக்குகளின் வாணிபத்திற்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற இடமாகும். பண்டகசாலைகள் நிறைந்த அதன் வீதிகளில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகளைப் பேசும் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். அண்டையிலுள்ள ஃபோர்ட் கொச்சியில் சலவைத் தொழிலை மேற்கொண்டுள்ள தமிழ்க் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்பவையே. மொழியும் தொழிலும் உணவும் வேறுபட்டபோதிலும், இம்மக்கள் அனைவருக்கும் பொதுவான ஓர் அபாயம் உண்டு. அஃது உயர்ந்த இரத்த அழுத்தமும், அதன் கொடிய விளைவுகளுள் ஒன்றாகிய மூளை இரத்தக் கசிவும் ஆகும்.

இந்நோய் தாக்கிய வீடுகளில், “காலையில் நன்றாக இருந்தார், திடீரென விழுந்துவிட்டார்” என்று உறவினர் கூறுவது வழக்கம். விழுந்தது திடீரென்றுதான், ஆனால் நோய் திடீரென்று வந்ததன்று. பெரும்பாலானவர்களிடத்தில் அது பத்து அல்லது இருபது ஆண்டுகளாக ஓசையின்றி வளர்ந்து வந்ததாகும். இவ்வுண்மையை உணர்ந்தால், இந்நோயைத் தடுப்பதற்கு எவ்வளவு நீண்ட அவகாசம் நமக்கு அளிக்கப்பட்டிருக்கிறது என்பதும் விளங்கும். அந்த ஆண்டுகளில் செய்ய வேண்டியவை எவை, கசிவு நேர்ந்த பின்னர் முதற்சில மணி நேரங்களில் செய்ய வேண்டியவை எவை என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நோயின் இயல்பு

மனித மூளையின் எடை உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். ஆயினும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினை மூளை பெறுகின்றது. அதன் அடிப்பகுதியில் ஓடும் பெரிய தமனிகளிலிருந்து, நூலினும் மெல்லிய கிளைகள் நேராகப் பிரிந்து மூளையின் ஆழத்தினுள் செல்கின்றன. மற்ற உறுப்புகளில் இரத்தம் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் கிளைகளின் வழியே செல்வதால், அழுத்தமும் படிப்படியாகக் குறைகின்றது. மூளையின் ஆழத்திலுள்ள இம்மெல்லிய கிளைகளோ, பெரிய தமனியின் அழுத்தத்தை ஏறக்குறைய முழுமையாகவே தாங்க வேண்டியுள்ளன.

இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருக்குமாயின், இக்கிளைகளின் சுவர்கள் தடித்து, நெகிழ்ச்சி இழந்து, நொய்ந்து போகின்றன. சிற்சில இடங்களில் அவை கடுகு போலப் புடைக்கின்றன. இத்தகைய நுண்ணிய புடைப்புகளை 1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர்களான ஷார்க்கோ, பூஷார் ஆகிய இருவரும் விவரித்தனர். நொய்ந்த சுவர் ஒரு நாள் பிளந்துகொள்கிறது. வெளிப்பட்ட இரத்தம் அருகிலுள்ள நரம்புத் திசுவைக் கிழித்துக்கொண்டு உறைகின்றது. மண்டையோடு மூடிய பேழையைப் போன்றதாகையால், பெருகும் இரத்தத்திற்கு இடங்கொடுக்க அதனால் இயலாது. ஆகவே உள்ளிருக்கும் அழுத்தம் உயர்ந்து, கசிவு நேராத பகுதிகளும் நசுக்கப்படுகின்றன.

பக்கவாதம் என்று மக்கள் பொதுவாகக் கூறும் நோய் இருவகைப்படும். இரத்த நாளம் அடைபடுவதால் உண்டாவது ஒன்று; நாளம் உடைவதால் உண்டாவது மற்றொன்று. ஒரு பக்கத்துக் கைகால்கள் விழுந்துபோதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை இரண்டிற்கும் பொதுவானவை. ஆனால் சிகிச்சையோ ஒன்றற்கொன்று நேர்மாறானது. அடைப்பு நோயில் உறைந்த இரத்தத்தைக் கரைக்க மருந்து தருகின்றனர். கசிவு நோயில் அம்மருந்தே உயிரைப் போக்கிவிடக்கூடும். எவ்வளவு அனுபவம் வாய்ந்த மருத்துவராயினும், நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிதல் அரிது. இதனை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டும். பின்னர்க் கூறப்படும் முதலுதவி விதிகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கேரளத்தில் இந்நோயின் அளவினை அறியத் திருவனந்தபுரத்தில் 2005ஆம் ஆண்டு ஆறு மாத காலம் ஒரு பதிவேடு நடத்தப்பட்டது. அதில் 541 பக்கவாத நோயாளிகள் பதிவாயினர். ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் சுமார் 135 பேரை இந்நோய் புதிதாகத் தாக்குகிறது என்பது அதன் முடிவாகும். பெரும்பாலானவை அடைப்பினால் நேர்ந்தவை. ஏறத்தாழப் பத்தில் ஒன்று கசிவினால் நேர்ந்தது. நோய் கண்ட 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நகரப் பகுதியில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். கிராமப் பகுதியிலோ மூன்றில் ஒருவருக்கும் அதிகம். எண்ணிக்கையில் குறைவாயினும் கசிவு நோயே மிகுந்த உயிர்ச்சேதம் விளைவிப்பது. உலகெங்கும் கிடைத்த அனுபவத்தில், மூளையின் உள்ளே கசிவு நேர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு நால்வர் ஒரு மாதத்திற்குள் இறக்கின்றனர்.

ஒரு நோய் வரலாறு

அழுத்தம் எவ்வாறு ஆண்டுக்காண்டு உயர்ந்து இறுதியில் நாளத்தை உடைக்கிறது என்பதற்கு, அமெரிக்க ஜனாதிபதியாக விளங்கிய ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நோய் வரலாறு தெளிவான சான்றாகும். அவருடைய இதய மருத்துவர் ஹோவர்ட் புரூவன் 1970ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். 1935இல் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 136/78. இஃது இயல்பான அளவே. 1937இல் அது 162/98 ஆயிற்று. 1941இல் 188/105 ஆக உயர்ந்தது. 1945 பிப்ரவரியில் யால்ட்டா மாநாட்டின்போது 260/150 என்னும் அளவும் பதிவாகியது. 1945 ஏப்ரல் 12ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில், தலையின் பின்புறத்தில் கடும் வலி எழுந்து அவர் நினைவிழந்தார். அப்போது அழுத்தம் 300/190. அன்றே அவர் இறந்தார்; வயது 63.

உலகின் மிகுந்த செல்வாக்குள்ள மனிதருக்கு மருத்துவ வசதியில் குறைவேதும் இல்லை. அழுத்தம் அளந்தறியப்பட்டது, ஏட்டில் குறிக்கப்பட்டது. ஆனால் அதனைத் தணிக்கத் தக்க மருந்து அக்காலத்தில் இல்லை. உப்பைக் குறைத்தல், ஓய்வு, உறக்கம் தரும் மருந்து, இதயத்திற்கான டிஜிட்டாலிஸ் ஆகியவையே மருத்துவர் கைவசம் இருந்தன. அன்று ஜனாதிபதிக்குக் கிடைக்காத மருந்து இன்று மட்டாஞ்சேரியின் சுமை தூக்கும் தொழிலாளிக்கு அரசு சுகாதார நிலையத்தில் கிடைக்கின்றது. இம்மாற்றம் நிகழ்ந்த வரலாற்றில் கொச்சிக்கும் ஓர் இடம் உண்டு.

கொச்சியில் எழுதப்பட்ட ஒரு மூலிகை

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் மலபார்ப் பகுதிக்குத் தலைவராக இருந்த ஹென்றிக் வான் ரீடே என்பவர், இந்நாட்டு மூலிகைகளைப் பற்றிய பெரு நூலொன்றைக் கொச்சியில் தொகுப்பித்தார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் அந்நூலுக்கு வேண்டிய செய்திகளை அளித்துச் சான்றளித்தனர். அதன் ஆறாம் தொகுதியில் படத்துடன் விவரிக்கப்பட்ட செடிகளுள் ஒன்று, மலையாளத்தில் அமல்பொரி எனவும், வடமொழியில் சர்ப்பகந்தா எனவும், தமிழில் சிவன்மேல்பொடி எனவும் வழங்கும் செடியாகும்.

இதன் வேரினை நம் நாட்டு வைத்தியர்கள் பாம்புக் கடிக்கும் மனக் கொதிப்பிற்கும் தந்து வந்தனர். இரத்த அழுத்தம் என்பது அக்காலத்தில் அளக்கக்கூடிய பொருளன்று. கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ரொச்சி 1896இல் தான் அமைத்தார். குழல் வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையை ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905இல் அறிவித்தார். அதன் பின்னரே பழைய மூலிகையின் புதிய குணம் வெளிப்பட்டது. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் சர்ப்பகந்தா இரத்த அழுத்தத்தைத் தணிப்பதாக எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய நோய் ஏடொன்றில் தம் ஆராய்ச்சி முடிவுகளை வெளியிட்டபின் உலகின் கவனம் இதன்மேல் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தில் இவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது.

மருந்தினால் அழுத்தம் இறங்குகிறது என்பது தெரிந்தது. ஆனால் அழுத்தத்தை இறக்கினால் உயிர் காக்கப்படுமா என்னும் ஐயம் நிலவியது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடைபெற்ற ஆராய்ச்சி 1967இல் அதற்கு விடையளித்தது. கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு ரெசர்பினுடன் வேறு இரு மருந்துகள் தரப்பட்டன. மற்றக் குழுவினருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரை தரப்பட்டது. வெறும் மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்குக் கடுமையான கேடுகள் நேர்ந்தன. மருந்து பெற்ற 73 பேரில் அத்தகைய கேடு நேர்ந்தவர் இருவரே. பக்கவாதத்தைத் தடுக்க இயலும் என்னும் கருத்து அன்று உறுதிப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ரெசர்பின் சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்குவதால், அதனினும் பாதுகாப்பான மருந்துகள் பின்னர் வந்து அதன் இடத்தைப் பெற்றன. சர்ப்பகந்தா வேரைத் தாமாகவே பொடித்து உண்பது அளவு தெரியாமல் நஞ்சுண்பதை ஒக்கும். பழைய அறிவை மதிப்பது வேறு. அளவறியாமல் பின்பற்றுவது வேறு.

அறிகுறிகள்

களப்பணியாளர் நினைவில் கொள்ள வேண்டிய சொற்கள் நான்கே: முகம், கை, பேச்சு, நேரம். நோயாளியைப் புன்னகை செய்யச் சொன்னால் வாயின் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் முன்னே நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்ந்து விழுகிறதா? எளிய வாக்கியமொன்றைத் திரும்பக் கூறச் சொன்னால் குழறுகிறதா? இவற்றுள் ஒன்று இருப்பினும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நோயாளி கடைசியாக நலத்துடன் காணப்பட்ட நேரம் எது என்பதை மருத்துவர் முதலில் கேட்பார்.

இவற்றுடன் கடுந்தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, நினைவு மங்குதல், வலிப்பு ஆகியவை சேர்ந்து, நிமிடத்திற்கு நிமிடம் நிலைமை மோசமாகிக்கொண்டு போனால் கசிவு என்னும் ஐயம் வலுப்பெறும். சிறுமூளையில் கசிவு நேர்ந்தால் கைகால்கள் விழாமலேயே தலைசுற்றலும் வாந்தியும் நடையில் தள்ளாட்டமும் காணப்படலாம். இதனைப் பித்த மயக்கமென்று எண்ணி எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைப்பது பேராபத்தாகும்.

மூளையின் மேற்பரப்பிலுள்ள தமனியில் குமிழ் போன்ற புடைப்பு உடைந்து இரத்தம் பரவுவது மற்றொரு வகை. வாழ்நாளில் ஒருபோதும் கண்டிராத தலைவலி, இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை அடைவது இதன் முக்கிய அடையாளம். பின்னர்க் கழுத்து விறைத்துப்போகலாம். தலைவலி சற்றே தணிந்தாலும் நம்பியிருத்தலாகாது. அதே புடைப்பு மறுமுறை உடைவது முதற்கசிவினும் கொடியதாகும்.

முதல் ஒரு மணி நேரம்

கசிந்த இரத்தம் பலருக்கு முதற்சில மணி நேரங்களில் மேன்மேலும் பெருகுகின்றது. ஆகவே காலத்தாழ்வு என்பது நேரடியாக மூளையின் இழப்பாகும். மட்டாஞ்சேரியின் சந்துகள் குறுகியவை. சரக்கு வண்டிகள் நின்றுவிட்டால் ஊர்தி நுழைவது அரிது. எர்ணாகுளத்தின் பெரிய மருத்துவமனைகளை அடையப் பாலங்களைக் கடந்தாக வேண்டும். ஆதலின் எந்த மருத்துவமனையில் இரவும் பகலும் சி.டி. ஸ்கேன் வசதியும் நரம்பியல் நிபுணரும் உள்ளனர், எந்தத் தெருமுனை வரை ஆம்புலன்ஸ் வரக்கூடும், அதுவரை நோயாளியை எதில் தூக்கிச் செல்வது என்பவற்றை முன்னரே விசாரித்து எழுதி வைத்தல் நலம். பாலத்தையோ ஆற்றையோ மலையையோ கடந்து செல்ல வேண்டிய எவ்வூருக்கும் இது பொருந்தும். 108 என்னும் தொலைபேசி எண் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்ஸ் உதவிக்கு உரியது.

ஊர்தி வரும்வரை செய்ய வேண்டியவை சிலவே. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்று உயர்த்தி, இறுகிய ஆடைகளைத் தளர்த்த வேண்டும். வாயில் எச்சிலோ வாந்தியோ இருப்பின் துடைத்து மூச்சுக்கு வழிசெய்ய வேண்டும். அவர் உட்கொண்டு வரும் மாத்திரைகளை, அவற்றின் உறைகளுடன், கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவராயின் இச்செய்தி உயிர் காப்பதாகும்.

செய்யத் தகாதவையும் உண்டு. தண்ணீர், காப்பி, கஞ்சி, மருந்து எதுவும் வாயில் ஊற்றலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பதால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஆஸ்பிரின் மாத்திரை தரலாகாது. அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்கும்வரை தெரியாதன்றோ! வீட்டிலுள்ள மற்றொருவரின் இரத்தக் கொதிப்பு மாத்திரையை நாவின் அடியில் வைத்து அழுத்தத்தைச் சடுதியில் இறக்க முயல்வதும் தவறு. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல், தலையில் பற்றுப் போடுதல் ஆகியவற்றில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் வீணே.

மருத்துவமனையில் சிகிச்சை

1971 அக்டோபரில் இலண்டன் மருத்துவமனையொன்றில், கோட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவியினால் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை குறுக்குவெட்டாகப் படமெடுக்கப்பட்டது. இதுவே சி.டி. ஸ்கேன். இதற்காக 1979இல் அவருக்கும் ஆலன் கார்மாக்கிற்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. புதிதாகக் கசிந்த இரத்தம் இப்படத்தில் வெண்மையாகத் தோன்றும். சில நிமிடங்களில் அடைப்பா, கசிவா என்பதும், கசிவின் இடமும் அளவும் விளங்கிவிடுகின்றன.

கசிவு உறுதிப்பட்டதும், நரம்பின் வழியே மருந்து செலுத்தி, மேல் அழுத்தத்தைப் பெரும்பாலும் 140 அளவிற்குக் கவனத்துடன் இறக்குகின்றனர். இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்டவருக்கு, அதன் வேகத்தை முறிக்கும் மாற்று மருந்து தரப்படுகின்றது. காய்ச்சலும் இரத்தச் சர்க்கரையும் கட்டுக்குள் வைக்கப்படுகின்றன. இவை தனித்தனியே எளிய செயல்கள். இவற்றை முதற்சில மணி நேரத்திற்குள் ஒருங்கே செய்தால் விளையும் நன்மையை, இந்தியா, இலங்கை உள்ளிட்ட பத்து நாடுகளில் 7,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. இம்முறையில் சிகிச்சை பெற்றவரிடையே மரணமும் ஊனமும் குறைந்திருந்தன.

அறுவை சிகிச்சை எல்லாருக்கும் தேவைப்படுவதன்று. சிறுமூளையில் பெரிய கசிவு நேர்ந்து மூளைத்தண்டை நெருக்கினால், உறைந்த இரத்தத்தை விரைந்து அகற்றுதல் உயிர் காக்கும். மூளைநீர் வெளியேற வழியின்றித் தேங்கினால், மெல்லிய குழாயிட்டு அதனை வடிக்கின்றனர். மேற்பரப்புத் தமனியின் குமிழ் உடைந்திருப்பின், அதன் கழுத்தில் நுண்ணிய கவ்வியிட்டோ, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனியின் வழியே செலுத்திய உலோகச் சுருளினால் குமிழை நிரப்பியோ மறுகசிவைத் தடுக்கின்றனர்.

உயிர் பிழைத்தவருக்கு மருத்துவமனையை விட்டதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. நிலைமை சீரானதும் கைகால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தொடங்க வேண்டும். மூளையின் நலமுள்ள பகுதிகள் இழந்த திறன்களைப் பல மாதங்கள் வரை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கின்றன. வீட்டிற்குச் செல்லும் களப்பணியாளர், பயிற்சி நடைபெறுகிறதா, படுக்கைப் புண் உண்டா, மாத்திரை தவறாமல் உண்ணப்படுகிறதா என்பவற்றைக் கவனித்தல் வேண்டும்.

தலைக்காயமும் பிற காரணங்களும்

எல்லாக் கசிவும் அழுத்தத்தினால் விளைவதன்று. தலையில் அடிபட்டு உண்டாவன பல. பொட்டில் அடிபட்ட சிறுவன் சிறிது நேரம் மயங்கிப் பின் எழுந்து விளையாடலாம். சில மணி நேரத்திற்குப்பின் தலைவலியும் வாந்தியும் உறக்கமும் மேலிட்டு உணர்விழக்கலாம். எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையிலுள்ள தமனி கிழிந்து இரத்தம் சேர்வதே இதன் காரணம். ஆகவே பள்ளியில் தலையில் பலமாக அடிபட்ட குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெற்றோருக்குச் சொல்லியனுப்பி ஒரு நாள் முழுதும் கண்காணிக்கச் செய்ய வேண்டும்.

முதியோரிடத்தில் நிலைமை வேறு. குளியலறையில் வழுக்கி இலேசாக அடிபட்டதை அவர்கள் மறந்தே போயிருப்பர். சில வாரங்கள் கழித்து மறதி, தள்ளாட்டம், ஓயாத உறக்கம் ஆகியன தோன்றும். முதுமையின் தளர்ச்சி என்று இதனை விட்டுவிடுவதுண்டு. மண்டையோட்டில் சிறு துளையிட்டுத் தேங்கிய இரத்தத்தை வடித்தால் இவர்களுள் பலர் முன்போல் நடமாடுவர்.

பிறந்த குழந்தைக்கு இரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே குறைவாகவே இருக்கும். தாய்ப்பாலிலும் அது மிகச் சிறிதளவே உண்டு. இதனால் முதல் சில மாதங்களுக்குள் மூளையில் கசிவு நேரக்கூடும். பிறந்தவுடன் தொடையில் இடப்படும் 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசி இதனைத் தடுக்கின்றது. வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வூசி விடுபட்டிருக்கிறதா என்று விசாரித்தறிவது களப்பணியாளரின் கடமை. கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் அளப்பதும் இதே காரணம் பற்றியதே. கர்ப்பகால அழுத்தம் கட்டுமீறினால் வலிப்பும் மூளைக் கசிவும் நேரலாம்.

கண்ணாடி விரியன் கடித்தாலும் இரத்தம் உறையும் தன்மை கெட்டு மூளையில் கசிவு உண்டாகலாம். இதற்கு மருத்துவமனையில் தரப்படும் நச்சு முறிவு மருந்தே தீர்வு.

தடுப்பு முறைகள்

கேரளத்தில் 2016-17ஆம் ஆண்டுகளில், 18 முதல் 69 வயது வரை உள்ளவரிடையே ஒரு பெரிய கணக்கெடுப்பு நடைபெற்றது. அதில் பத்தில் மூவருக்கு உயர்ந்த இரத்த அழுத்தம் காணப்பட்டது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் ஏறத்தாழ எட்டில் ஒருவரே. கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில் நிலைமை இதுவாயின், குறை மருந்தில் இல்லை. அளப்பதிலும் தொடர்ந்து உண்பதிலுமே குறை உள்ளது என்பது தெளிவு.

முதற்கண் அளத்தல். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, தேநீர், புகையிலை ஆகியவற்றைத் தவிர்த்து, ஐந்து நிமிடம் அமைதியாகச் சாய்ந்து உட்கார வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருத்தல் வேண்டும், பட்டையைச் சட்டைத் துணியின்மேல் சுற்றலாகாது, அளக்கும்போது பேசலாகாது. இருமுறை அளந்து குறிக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அஃது உயர் அழுத்தமே. தலைவலியோ மயக்கமோ இல்லை என்பது அழுத்தம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அடுத்து உப்பு. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு கரண்டிக்கு மிகாமல், உப்பு உண்ண வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. கடலோர மக்கள் விரும்பும் கருவாடும், மாங்காய் ஊறுகாயும், அப்பளமும் இவ்வளவினை எளிதில் மீறச் செய்கின்றன. அப்பளத்தில் உப்புடன் அப்பளக்காரமும் சேர்வதால் சோடியம் இருமடங்கு வழியாகப் புகுகின்றது. இவற்றை அடியோடு விலக்கச் சொன்னால் யாரும் கேளார். நாள்தோறும் உண்பதை வாரத்திற்கு ஒருமுறையாக்குதல், கருவாட்டை நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிடுதல், சோற்றில் உப்பிடாமை என்று படிப்படியாகக் கூறினால் பயன் விளையும். புகையிலையையும் மதுவையும் விடுதல், நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடத்தல், உடற்பருமனைக் குறைத்தல் ஆகியனவும் தேவை. இருசக்கர வண்டியில் செல்வோர் தலைக்கவசம் அணிதல் காயத்தினால் நேரும் கசிவைத் தடுக்கும்.

மூன்றாவது மருந்து. மத்திய, மாநில அரசுகளின் திட்டங்களின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்த மாத்திரைகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆயினும் பலர் இரண்டு மாதம் உண்டு, அழுத்தம் இறங்கியதும் “குணமாகிவிட்டது” என்று நிறுத்திவிடுகின்றனர். அழுத்தம் இறங்கியது மருந்தினால். மருந்தை நிறுத்தினால் அது மீண்டும் ஏறும். குடையின் கீழ் நனையாமல் நிற்பவன், மழை நின்றுவிட்டதென்று எண்ணிக் குடையை மடக்குவதை இஃது ஒக்கும். மாத்திரையால் சிரமம் ஏற்பட்டால் மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ளலாம், தாமாக நிறுத்தலாகாது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

களப்பணியாளர் தம் பகுதியில் அழுத்த நோய் கண்டவர்களின் பட்டியலை வைத்திருப்பர். அப்பட்டியலில் முதலில் நாட வேண்டியவர், மருந்து வாங்க வந்துகொண்டிருந்து வராமல் நின்றுவிட்டவரே ஆவார். பகலில் வீட்டில் அகப்படாத சுமை தூக்குவோர், மீனவர், கடைச் சிப்பந்திகள் ஆகியோரை அவர்கள் கூடும் இடத்திற்கே சென்று அளத்தல் நன்று. பண்டகசாலை வாயிலிலும், மீன் இறங்கு துறையிலும், சலவைத் துறையிலும் ஒரு மேசையும் நாற்காலியும் அளவுக் கருவியும் இருந்தால் போதுமானது.

ஆசிரியர்கள் வகுப்பில் ‘முகம், கை, பேச்சு, நேரம்’ என்னும் நான்கு சொற்களையும் குழந்தைகளுக்கு நடித்துக் காட்டிக் கற்பிக்கலாம். பகல் வேளையில் பல வீடுகளில் பாட்டனார், பாட்டியாருடன் இருப்பவர் பள்ளி விட்டு வந்த குழந்தையே. 108 என்னும் எண்ணை அழைத்து, வீட்டின் அடையாளத்தைத் தெளிவாகக் கூறும் பயிற்சியும் அக்குழந்தைக்கு வேண்டும். உயர்நிலை மாணவர்களைக் கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் இரு வினாக்களை விசாரித்து எழுதி வரச் செய்யலாம்: பெரியவர்களின் இரத்த அழுத்தம் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது? மாத்திரை உண்பவராயின், நேற்று உண்டாரா? விடை கிடைக்காத வீடுகளின் பட்டியலைச் சுகாதார நிலையத்தில் ஒப்படைத்தால், களப்பணியாளர் அடுத்த வாரம் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.